மகளின் சேம்பர் மியூசிக் வகுப்பு: கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது

இரண்டாவது கோச்சுக்கு ஐந்து நட்சத்திரம், முதல் கோச்சுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு இரண்டு. அவசரமாகப் படிப்பவர்கள் இத்தோடு போய்விடலாம். மற்றவர்களுக்கு விவரமாகச் சொல்கிறேன். டல்லாஸுக்கு வடக்கே ப்ளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பேண்ட் வாசிக்கும் பிள்ளைகள் நிறைய. என் மகள் போகும் சேம்பர் மியூசிக் வகுப்பில் சேர்க்கலாமா என்று பொங்கல் விழாவில், பாலர் பள்ளி வாசலில், காஸ்ட்கோ வரிசையில் என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

பல பள்ளிகளிலிருந்து வரும் பேண்ட் மாணவர்களை வாத்தியத்துக்கு ஏற்ப நாலைந்து பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கோச் போட்டு, ஞாயிறு மதியங்களில் சேம்பர் மியூசிக், அதாவது கண்டக்டர் இல்லாமல் சிறு குழுவாக வாசிக்கும் இசை, சொல்லித்தரும் சிறிய அமைப்பு இது. ஒரு தேவாலயத்தின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். நவம்பரில் தொடங்கி மார்ச்சில் ஒரு கச்சேரியோடு முடியும். கட்டணம் 500 டாலருக்குக் கொஞ்சம் மேல். குறைகளையும் சொல்லப் போவதால் அமைப்பின் பெயரைப் போடவில்லை. பெரிய ஊர்களில் இப்படிப்பட்ட வகுப்புகள் பல இருக்கின்றன. சேர்க்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

டெக்ஸஸ் பேண்ட் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. இங்கே ஹைஸ்கூல் பேண்ட் என்பது ஒரு பாடம் மட்டுமில்லை, ஒரு வாழ்க்கை முறை. ஆகஸ்ட் வெயிலில் கார் நிறுத்துமிடத்துத் தாரில் நின்றபடி மார்ச்சிங் பயிற்சி தொடங்கும். வெள்ளி இரவு ஃபுட்பால், அக்டோபரில் போட்டிகள், பிழைத்திருக்கும் பள்ளிகளுக்கு சான் அன்டோனியோவின் அலமோடோமில் மாநில இறுதி. நூறு, இருநூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கால் வைக்க வேண்டும் என்பதால், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை ஒலிபெருக்கியில் மாட்டிவிடுவார்கள். டாக்டர் பீட் என்ற பாஸ் கம்பெனி மெட்ரோனோமின் டக் டக் சத்தம் எங்கள் தெருவரைக்கும் கேட்கும். அதற்கு மேல் மேடையில் நின்று கையசைக்கும் ட்ரம் மேஜர்கள். குளிர்காலத்தில் உள்ளே வந்து உட்கார்ந்தால் டைரக்டரின் குச்சி.

ஆக, என் மகள் ஆறாம் வகுப்பில் கிளாரினெட்டை எடுத்ததிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் தாளத்தை அவளாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவையே வரவில்லை. யாராவது கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சுருதியும் அப்படித்தான். அவள் மூன்றாம் கிளாரினெட். அதே பகுதியை அவளோடு இன்னும் ஆறேழு பேர் வாசிப்பார்கள். கடினமான இடம் வந்தால் வாயில் வைத்துக்கொண்டு விரலை மட்டும் அசைத்தாலும் உலகத்துக்குத் தெரியாது. அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நான் இல்லைன்னாலும் பேண்ட் அப்படியேதான் இருக்கும்." அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பணம் கட்டியதற்கு அதுதான் காரணம்.

அவளைப் போட்டது உட்விண்ட் க்விண்டெட்டில். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன், ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. ஒருவர் நிறுத்தினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். ஒளிந்துகொள்ளத் தோள் கிடையாது. கண்டக்டரும் கிடையாது.

கிடையாது என்றுதான் விளம்பரத் தாளிலும் இருந்தது. ஆனால் முதலில் வந்த கோச், மிக நல்ல வாசிப்பாளர், மிக நல்ல மனிதர், உட்கார்ந்ததும் பென்சிலை எடுத்து ஸ்டாண்டில் தட்ட ஆரம்பித்துவிட்டார். ஒன், டூ, ரெடி, ப்ளே. ஐந்து பிள்ளைகளும் பென்சிலையே பார்த்தார்கள். தவறினால் நிறுத்தி, எப்படி வாசிக்க வேண்டும் என்று தன் வாத்தியத்தில் வாசித்துக் காட்டுவார். பிள்ளைகள் அப்படியே திருப்பி வாசிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, வாரத்தில் ஐந்து நாளும் பள்ளியில் நடப்பதையே ஞாயிற்றுக்கிழமை காசு கொடுத்துச் சின்ன அளவில் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையோடு அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் போனது எங்கள் அதிர்ஷ்டம், நிர்வாகத்தின் சாமர்த்தியம் இல்லை.

ஜனவரியில் வந்தவர் ஓய்வு பெற்ற பேண்ட் டைரக்டர், பஸூன் வாசிப்பவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முதலில் செய்த காரியம், ஸ்டாண்டுகளை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கச் சொன்னது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் அதுவரை வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அப்போதுதான் எல்லோரும் கவனித்தோம். அப்புறம் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறையின் மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். "எப்போ வேணும்னாலும் ஆரம்பிங்க" என்றார், அவ்வளவுதான்.

ஆரம்பிக்க முடியவில்லை! ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ காலால் தட்டினார்கள். புல்லாங்குழல் பெண் "ஒன் டூ" என்று எண்ணினாள். கோச் மூலையிலிருந்து, எண்ணக் கூடாது, மூச்சை இழுத்துச் சொல் என்றார். அதாவது வாசிக்கப் போகும் வேகத்திலேயே, அந்த இசையின் குணத்திலேயே, முன்னால் ஒரு மூச்சை இழுக்க வேண்டும். துள்ளலான இசைக்குச் சுருக்கென்று, மெதுவான இசைக்கு நிதானமாக. மற்ற நாலு பேரும் அதே மூச்சைக் கூடவே இழுக்க வேண்டும். ஊதுகிற வாத்தியக்காரர்களுக்கு எப்படியும் மூச்சு வேண்டும், அதையே சைகையாக்கிக்கொள்ளலாம். இது பெரிய ரகசியமெல்லாம் இல்லை, உலகம் முழுக்கக் க்விண்டெட் வாசிப்பவர்கள் செய்வதுதான். ஆனால் நாலரை வருடம் பேண்டில் இருந்த பிள்ளை இதைச் செய்ததே இல்லை. அன்றைக்கு வகுப்பில் பாதி, முதல் சுரத்தை ஒன்றாகத் தொடங்குவதிலேயே போனது. ஒவ்வொருவரும் மாறி மாறித் தொடக்கம் கொடுத்தார்கள். என் மகள் முறை வந்தபோது அவள் மூச்சு இழுத்ததே யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் கிளாரினெட் மூச்சு. "சொல்றதைச் சத்தமாச் சொல்லு" என்றார் கோச்.

வாசித்தது டான்சியின் க்விண்டெட், ஓபஸ் 56-ல் (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) ஜி மைனரில் இருப்பது. ஃப்ரான்ஸ் டான்சி (1763–1826) ஜெர்மானியர். இந்த ஓபஸை, பாரிஸில் இருந்தபடி இதே ஐந்து வாத்தியங்களுக்கு 24 க்விண்டெட் எழுதித் தள்ளிய ஆன்டன் ரைகாவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். பிள்ளைகளுக்கு ஏற்ற தேர்வு இது. விரல் வேகம் ரொம்பக் கேட்காது, ஆனால் பாட்டு ஒரு வாத்தியத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். காப்புரிமை முடிந்துவிட்டதால் ஐஎம்எஸ்எல்பி என்ற இசைத்தாள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பக்கத்து அறையில் பிராஸ் க்விண்டெட் வாசித்தவர்களுக்கு விக்டர் எவால்ட். அவர் கதை நம் அப்பாக்களுக்காகவே: செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் சிவில் இஞ்சினியரிங் பேராசிரியர், கட்டுமானப் பொருட்கள் அவர் துறை, மிச்ச நேரத்தில் எழுதிய க்விண்டெட்டுகளை இன்றைக்கும் உலகத்தின் பிராஸ் குழுக்களெல்லாம் வாசிக்கின்றன. இசையா படிப்பா என்று சாப்பாட்டு மேஜையில் சண்டை வரும் வீடுகளுக்கு இதை இலவசமாகத் தருகிறேன்.

கோச் செய்யச் சொன்னவற்றில் சில எனக்கு விளையாட்டுபோலத் தோன்றின, ஆனால் வேலை செய்தன. பாட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் எழுந்து நிற்க வேண்டும், கைமாறியதும் உட்கார வேண்டும். முதல் தடவை இரண்டு பேர் சேர்ந்து நின்றார்கள், ஓரிடத்தில் யாருமே நிற்கவில்லை. அப்போதுதான் அந்த இடத்தில் பாட்டு ஹார்னிடம் இருக்கிறது என்பது ஹார்ன் பையனுக்கே தெரிந்தது. இன்னொரு நாள் பாட்டு வைத்திருப்பவர் வாய் மூட வேண்டும், மற்றவர்கள் மட்டும் வாசிக்க வேண்டும். தரையும் சுவரும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க மேலே உள்ள பந்தலைக் கழற்றிய மாதிரி இருந்தது. மகள் அதுவரை "சும்மா உம்-பா உம்-பா" என்று சொல்லிவந்த பகுதியில், ஒரு சுரம் மாறும்போது மொத்த நிறமும் மாறுவதை அன்றைக்குக் கேட்டாள். முதுகோடு முதுகாகத் திரும்பி உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு அவரவர் பகுதியைப் பாடச் சொன்னார். ஒரு நாள் எல்லோருக்கும் தனிப் பகுதிக்குப் பதில் முழு ஸ்கோரைக் கொடுத்தார். தங்கள் வரிக்கு மேலேயும் கீழேயும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து "இங்கே ஓபோவைக் கேள்" என்று பென்சிலில் எழுதிக்கொண்டார்கள். மகளின் தாள்களில் அதற்கு முன் இருந்த ஒரே பென்சில் குறி, சாப்பாட்டு நேரத்தில் வரைந்த பூனை.

சுருதிப் பாடம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நான் கும்பகோணத்தில் பள்ளி முடிக்கும்வரை பாட்டு கற்றுக்கொண்டவள். பேண்டில் பிள்ளைகள் சுருதி சேர்க்கும் விதம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே வினோதமாகத்தான் இருந்தது. ஃபோனில் டோனல் எனர்ஜி என்ற ஆப், அதில் முள் நடுவுக்கு வந்தால் ஒரு பச்சை முகம் சிரிக்கும். சிரித்துவிட்டால் சுருதி சேர்ந்துவிட்டது. காது எங்கே வருகிறது இதில்? கோச் ஒரு மேஜர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரங்கள்) நிறுத்தி வாசிக்கச் சொன்னார். கிளாரினெட்டில் அதன் மூன்றாம் சுரம், நம் கணக்கில் அந்தர காந்தாரம். ஆப்பில் பச்சை முகம் சிரித்தது. கேட்டால் கார்டு கரகரத்தது. "உன் சுரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கு, நல்லா இருக்குன்னு தோணுற இடத்துல நிறுத்து" என்றார். தாடையை லேசாகத் தளர்த்தி இறக்கினாள். ஓரிடத்தில் கரகரப்பு அப்படியே அடங்கி, ஐந்து வாத்தியமும் ஒரே வாத்தியமாக ஒலித்தது. ஆப்பைப் பார்த்தால் முகம் சிரிப்பதை நிறுத்தியிருந்தது. கிட்டத்தட்ட 14 சென்ட் கீழே. சென்ட் என்பது இரண்டு அடுத்தடுத்த பியானோ கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்கு.

இதற்குக் காரணம் நம் வீட்டுத் தம்புராவிலேயே இருக்கிறது. மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் காது கொடுத்தால், யாரும் வாசிக்காத ஒரு காந்தாரம் அதிலிருந்து எழும்பும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். தந்தியின் ஐந்தாவது அனுசுரம் (ஹார்மானிக்) அது. பியானோவின் காந்தாரம் அதைவிட 14 சென்ட் மேலே நிற்கிறது, ஏனென்றால் எல்லா ஸ்கேலுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பன்னிரண்டு இடைவெளிகளையும் சமமாக வெட்டிவிட்டார்கள். குழல் வாத்தியக்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தங்கள் சுரம் கார்டில் எந்த இடம் என்று தெரிந்தால் அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். மேஜர் காந்தாரம் என்றால் இறக்கம், மைனர் காந்தாரம் என்றால் கிட்டத்தட்ட 16 சென்ட் ஏற்றம், பஞ்சமம் என்றால் 2 சென்ட் மட்டும் ஏற்றம். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. தெரிந்துகொள்ளக் குழு சிறிதாக இருக்க வேண்டும். எழுபது பேர் பேண்டில் ஒரே சுரத்தைப் பத்துப் பேர் பத்து விதமாக வாசிக்கும்போது தன்னுடையது எது என்றே கேட்காது.

அன்றிரவு ஃபோனில் தம்புரா ஆப்பைப் போட்டுவிட்டு அவளை அதோடு வாசிக்கச் சொன்னேன். பல வருடமாக "அம்மாவோட நொய்ங் நொய்ங்" என்று அவள் சொல்லிவந்த சத்தம் அது. மறுபேச்சில்லாமல் வாசித்தாள். என் பாட்டிக்குத் தெரிந்த ஒரே கிளாரினெட் திருச்சி ஏ.கே.சி. நடராஜனுடையது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது மகளுக்கு அவர் வாசித்த காணொளியைக் காட்டியிருக்கிறேன். "இதுல எப்படிம்மா கமகம் வருது?" என்ற கேள்வி இப்போதுதான் வந்தது. சரி, இது விமர்சனத்துக்குள் வராது, ஓர் அம்மாவின் சந்தோஷம், விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டாள். சத்தம் கூட்டும்போது புல்லாங்குழல் சுருதி ஏறப் பார்க்கும், கிளாரினெட் இறங்கப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து ஓங்கும் இடத்தில் சண்டை நிச்சயம். யார் மீதும் தப்பில்லை, வாத்தியத்தின் குணம். அதைத் தெரிந்துகொண்டால் முன்கூட்டியே சரிசெய்யலாம். தெரியாவிட்டால் "அவதான் ஷார்ப்" என்று முறைத்துக்கொண்டிருக்கலாம்.

முறைத்துக்கொள்ளத்தான் செய்தார்கள். டீம்வொர்க், லீடர்ஷிப் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது ஐந்து பேரை ஓர் அறையில் அடைத்தால் தானாக வந்துவிடாது. முதல் கோச் காலத்தில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. எல்லாம் அவர் வழியாகத்தான். இரண்டாமவர் காலத்தில் பேச ஆரம்பித்ததும் முதலில் வந்தது சண்டை. ஓபோ பெண் ஹார்ன் பையனைப் பார்த்து, நீ எப்போதும் லேட் என்றாள். அவன் முகம் சிவந்து, அடுத்த வாரம் வரமாட்டான் போலிருந்தது. கோச் சமாதானமெல்லாம் பேசவில்லை. ஓபோ பெண்ணை எழுப்பி, ஆடியன்ஸ் உட்காரும் இடத்தில் போய் நின்று கேள் என்றார். அப்புறம் ஹார்னுக்குப் பின்னால் இருந்த கோட் ஸ்டாண்டை நகர்த்திவிட்டு மறுபடி கேள் என்றார். ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும், சத்தம் சுவரில் பட்டுத்தான் முன்னால் வரும். மற்றவர்களோடு சரியாக வாசித்தாலும் கேட்பவருக்குப் பிந்தியே தெரியும். அதனால் ஹார்ன்காரர்கள் ஒரு மயிரிழை முந்தி வாசிக்கப் பழக வேண்டும், பின்னால் நல்ல சுவர் இருக்கும்படி உட்கார வேண்டும். அவள் வந்து "ஸாரி, அது நீ இல்ல, சுவர்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு விதி போட்டார்: குறை சொல்வதென்றால் பார் நம்பரோடு (இசைத்தாளில் ஒவ்வொரு தாளக் கட்டத்துக்கும் உள்ள எண்) சொல்ல வேண்டும், என்ன செய்தால் தனக்கு உதவும் என்றும் சொல்ல வேண்டும். "நீ ரொம்பச் சத்தம்" கூடாது. "34-ல என் பாட்டு கீழ இருக்கு, அங்க கொஞ்சம் குறைச்சா எனக்கு மூச்சு மிச்சமாகும்" என்றால் சரி. என் ஆபீஸ் மீட்டிங்குகளில் இந்த விதியைக் கொண்டுவர யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

இப்போது அலுவலகத்தின் கதை. பஸூன் பையன் ஜனவரி நடுவில் விலகிவிட்டான். ரோபாட்டிக்ஸ் சீஸன் தொடங்கிவிட்டது, அவன் குழுவுக்கு அவன் வேண்டும். அது அவன் உரிமை. ஆனால் ஐந்தில் ஒருவர் போனால் என்ன செய்வது என்று அமைப்பிடம் ஏற்பாடே இல்லை. பஸூன் பிள்ளைகள் எங்கும் அரிது. வாத்தியம் விலை கூடியது, பெரும்பாலும் பள்ளியே வாங்கி ஓரிருவருக்குக் கொடுக்கும். கடைசியில் பாஸ் கிளாரினெட் பையன் ஒருவனை அனுப்பினார்கள், கையில் பஸூன் பகுதியை அப்படியே கொடுத்து. பஸூன் பகுதி பாஸ் கிளெஃபில் (தாழ்ந்த சுரங்களை எழுதும் முறை), எழுதியது எழுதியபடி ஒலிக்கும். பாஸ் கிளாரினெட்டுக்கு வழக்கமாக ட்ரெபிள் கிளெஃபில் (உயர்ந்த சுரங்களை எழுதும் முறை), ஒலிக்க வேண்டியதைவிட ஒரு ஆக்டேவும் ஒரு முழுச் சுரமும் மேலே எழுதித் தர வேண்டும். என் மகளும் அவனும் ஒரு சனிக்கிழமை ராத்திரி வீடியோ காலில் உட்கார்ந்து மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் முழுவதையும் மாற்றி எழுதினார்கள். அது இலவசம் என்பது ஓர் ஆறுதல். பிள்ளைகள் இதில் கற்றது ஏராளம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அலுவலகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததற்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். வகுப்பு நடக்காத வாரத்துக்குக் கட்டணம் திரும்பக் கிடைக்கவும் இல்லை.

வாசிப்புத் தரத்தை வைத்துப் பிரிப்பதிலும் கவனம் போதாது. எங்கள் குழு ஓரளவு சமமாக அமைந்தது. பக்கத்து அறை சாக்ஸஃபோன் க்வார்ட்டெட்டில் ஒரு பெண் ஆல்-ஸ்டேட் (மாநிலம் முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்படும் பேண்ட்) அளவுக்கு வாசிப்பவள், மற்ற மூவரும் தொடக்கநிலை. அவள் சலித்துப் போனாள், அவர்கள் பயந்து போனார்கள். பேண்டில் இந்த வித்தியாசம் கூட்டத்தில் கரைந்துவிடும். நாலு பேரில் கரையாது. ஆடிஷன் பதிவைக் கேட்டுவிட்டுத்தான் குழு அமைக்கிறோம் என்றார்கள், கேட்டார்களா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மெடலுக்காகச் சேர்ப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். டெக்ஸஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யுஐஎல்லின் சோலோ அண்ட் ஆன்ஸாம்பிள் போட்டிக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைக் குழு போக முடியாது. அங்கே ஒரே பள்ளி மாணவர்கள் சேர்ந்து வாசிக்க வேண்டும். இதைச் சேர்க்கும்போது யாரும் சொல்வதில்லை. இரண்டு அம்மாக்கள் மார்ச் கச்சேரியன்று, "அப்போ ரேட்டிங் எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது நடந்தது அந்தப் போட்டியை ஒட்டித்தான். மகளும் அதே மூன்றாம் கிளாரினெட் வரிசையில் இருக்கும் இரண்டு பேரும், வீடியோ காலில் உதவிய அந்தப் பாஸ் கிளாரினெட் பையனும் (அவனும் அவள் பள்ளிதான், அதுவரை பேசியதில்லையாம்) சேர்ந்து ஒரு கிளாரினெட் க்வார்ட்டெட் ஆரம்பித்தார்கள். கோச் இல்லை, கட்டணம் இல்லை. பேண்ட் டைரக்டரிடம் கேட்டு, மதிய இடைவேளையில் ஒரு பயிற்சி அறை வாங்கிக்கொண்டார்கள். ஸ்டாண்டை இறக்கு, மூச்சில் தொடங்கு, பார் நம்பர் சொல்லு, எல்லாம் அங்கே போனது. யுஐஎல் பட்டியலில் இருந்து வகுப்பு 2-ல் (கடினத்தில் வகுப்பு 1-க்கு அடுத்தது) ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வகுப்பறை, ஒரு நடுவர், சில நிமிடம். ரேட்டிங் I, அதாவது இருப்பதிலேயே உயர்ந்தது, கிடைத்தது. மெடல் உண்டு, ஆனால் மாநிலப் போட்டிக்கு வகுப்பு 1-ல் I வாங்கினால்தான் தகுதி. "அப்போ ஏன் வகுப்பு 1 எடுக்கல?" என்று அவள் அப்பா கேட்டார். எல்லா வீட்டிலும் ஓர் அப்பா இருக்கிறார்.

பேண்டில் என்ன மாற்றம் என்று கேட்பீர்கள். அவள் இன்னும் மூன்றாம் கிளாரினெட்தான், நாற்காலி மாறவில்லை. விரல் வேகம் கூடவில்லை, அதற்குத் தனி வகுப்பும் தினசரி ஸ்கேலும்தான் வழி, சேம்பர் மியூசிக் அதற்கு மாற்று இல்லை. ஆனால் ஏப்ரலில் கான்சர்ட் அண்ட் சைட்-ரீடிங் (முன்பு பார்க்காத இசையைத் தாளைப் பார்த்து வாசிப்பது) போட்டிக்கு முந்தைய ஒத்திகையைப் பெற்றோர் பார்க்க விட்டார்கள். டைரக்டர் வேண்டுமென்றே குச்சியைக் கீழே வைத்துவிட்டு நீங்களே வாசியுங்கள் என்று ஒதுங்கினார். முக்கால்வாசிப் பிள்ளைகள் தாளைப் பார்த்தார்கள். மூன்றாம் கிளாரினெட் வரிசையில் மூன்று தலைகள் நிமிர்ந்து டியூபாவைப் பார்த்தன. தாளம் அங்கேதான் இருந்தது.

சேர்ப்பதாக இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். கோச் வாசிக்கும்போது கையசைப்பாரா, மூலையில் உட்காருவாரா? ஒரு வகுப்பைப் பார்க்க விடச் சொல்லுங்கள், முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒருவர் விலகினால் என்ன ஏற்பாடு, அதை எழுத்தில் தருவார்களா? இரண்டுக்கும் சரியான பதில் வராவிட்டால் அந்த 500 டாலரை மிச்சம் பிடித்து, பள்ளியிலேயே நாலு பேரைச் சேர்த்து, டைரக்டரிடம் ஓர் அறை கேட்டு வாங்குவது மேல். பெரும்பாலான டைரக்டர்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். ஆனால் மூச்சில் தொடங்குவது எப்படி என்று ஒரு தடவையாவது தெரிந்தவர் யாராவது வந்து காட்டினால்தான் அந்த நாலு பேரும் வெறுமனே அரட்டை அடிக்காமல் இருப்பார்கள். கச்சேரி வாசிக்கும் நண்பர் யாராவது இருந்தால் மிருதங்கக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள். பாடகரின் முகத்தைப் பார்த்தே வாசிப்பவர்கள் அவர்கள்.

ஆரம்பநிலைப் பிள்ளைகளுக்கு, அதாவது வாத்தியத்தில் சத்தமே இன்னும் நிலையாக வராதவர்களுக்கு, இது வேண்டாம். மிடில் ஸ்கூலில் இரண்டு வருடமாவது போகட்டும். அடிக்கடி வகுப்பைத் தவறவிடுபவர்களுக்கும் வேண்டாம். பேண்டில் வராவிட்டால் உங்களுக்கு மட்டும் நஷ்டம், இங்கே மற்ற நாலு பேருக்கும் நஷ்டம். மார்ச்சிங் சீஸன் முடியும்வரை காத்திருங்கள், நவம்பருக்கு முன்னால் எந்தப் பேண்ட் பிள்ளைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது.

அடுத்த சீஸனுக்கும் பெயர் கொடுத்திருக்கிறோம், அதே பஸூன் கோச்தான் என்று மின்னஞ்சலில் உறுதி வாங்கிக்கொண்டு. குழுவில் இன்னும் ஓர் இடம் காலி. உங்கள் வீட்டில் பஸூன் வாசிக்கும் பிள்ளை இருந்தால் கட்டணத்தில் தைரியமாகப் பேரம் பேசுங்கள். கண்டிப்பாகக் குறைப்பார்கள்.